நாற்பத்தொரு மாட்யூலும் ஒரு சிவப்புப் பென்சிலும்

எங்கள் பேருந்து டிப்போவில் இருநூற்றுப் பன்னிரண்டு டிரைவர்கள். யார், எந்த வண்டியை, எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதி ஒட்டுகிற தாளுக்கு டியூட்டி சார்ட் என்று பெயர். அதைத் தயார் செய்கிறவளுக்குச் சார்ட் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் தபால் பிரிவு. வருகிற கடிதத்துக்கு எண் போட்டு உள்ளே அனுப்புவதும், போகிற கடிதத்துக்கு எண் போட்டு வெளியே அனுப்புவதும் என் வேலை. அக்காவின் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு மேசை விசிறி. இரண்டு பேருக்கும் பொது, இரண்டு பேருக்கும் காற்று வராது, சத்தம் மட்டும் வரும். ஆகவே இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு தாளும் என் கை வழியாகத்தான் போனது. எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுகிற அளவுக்கு எனக்குத் துப்பு இருந்தால் இத்தனை வருஷம் தபாலுக்கு எண் போட்டுக்கொண்டிருப்பேனா?

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கணக்கில் புலி, பேச்சில் பூனை. டீக்கடைக்காரர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் குடித்து முடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வருகிற ரகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கும் வாய் இருந்தது, சாப்பிட மட்டும் வைத்திருந்தாள். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் வார விடுமுறை, மருத்துவ விடுப்பு, யாருக்கு எந்த வண்டியின் சீட்டில் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பது வரை அத்தனையும் தலைக்குள் இருந்தது.

சார்ட்டில் எல்லோரும் பயப்படுவது லாங் ரூட்டுக்கு. அதற்கு ஒன்பது வண்டிகள். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயும்போது அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும். அங்கே பேருந்து சீட்டிலேயே படுத்து எழுந்து, மறுநாள் திரும்ப வேண்டும். ஒரு நாள் ஓய்வு, மறுபடி அதே ஓட்டம். இந்தக் கஷ்டத்தை எல்லோரும் முறை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டால், ஒரு டிரைவருக்கு ஆறு மாதத்தில் பதினைந்து நாள்தான் வரும். அக்கா ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சார்ட் போடுவாள். நான்கு நாள் கண்ணைக் கசக்கிக் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பி, பெரிய தாளில் அச்செடுத்து, சூப்பிரண்டின் மேசையில் கையெழுத்துக்கு வைப்பாள்.

சூப்பிரண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. பேச்சுக்குப் பேச்சு, தான் தராசு மாதிரி, எந்தப் பக்கமும் சாயமாட்டேன் என்பார். சாயாமல் என்ன? எந்தத் தட்டில் யார் என்ன வைத்தார்கள் என்று பார்த்துத்தான் சாய்வார். அவர் வீட்டு மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றிக் கொடுத்தவர், அவர் மகளின் கட்டிலை வண்டிக் கூரையில் கட்டிக் கொண்டுவந்தவர், வாரா வாரம் அவர் ஸ்கூட்டரைக் கழுவுகிறவர், இப்படிப்பட்ட புண்ணியவான்களின் பெயர்களெல்லாம் லாங் ரூட்டிலிருந்து டவுன் ரூட்டுக்கு மாறிவிடும். அவர் மேசையில் தடித்த சிவப்புப் பென்சில் ஒன்று உண்டு. அதைக்கொண்டு இந்தப் பெயரை அடித்து, அந்தப் பெயருக்கு அம்புக்குறி போட்டு, கீழே கையெழுத்திடுவார். அந்தச் சிவப்போடுதான் சார்ட் பலகைக்குப் போகும். கையெழுத்தான பிறகு கணினியில் இருக்கிற சார்ட்டை யாரும் தொடக் கூடாது என்பது விதி. ஆகக் கணினியில் இருப்பது ஒன்று, பலகையில் தொங்குவது ஒன்று.

அக்காவின் தம்பியும் எங்கள் டிப்போவில் டிரைவர்தான். ஒரு நாள் தராசு அவனிடம் ஸ்கூட்டர் சாவியை நீட்டியிருக்கிறார். பஸ்ஸைக் கழுவுவதற்கே தனியாக ஆள் வைத்திருக்கும்போது ஸ்கூட்டருக்கு எதற்கு டிரைவர் என்று இவன் கேட்டுவிட்டான். அடுத்த சார்ட்டில் சிவப்பு அம்பு அவன் பெயரைத் தேடி வந்தது. அதற்கடுத்த சார்ட்டிலும் வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

தம்பிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். இந்த லாங் ரூட் ஆரம்பித்த நான்காவது மாதத்தில் அவன் மனைவிக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. அன்று தம்பி வெகுதூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்குப் பிறகு மறுபடி உண்டானதும், பிறக்கிற நாளில் தான் பக்கத்தில் இருந்தே தீரவேண்டும் என்று அவன் தராசிடம் வந்து கேட்டான். எவனிடமும் கேட்காதவன் அன்றைக்குக் கேட்டான். தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உருக்கமாக ஒரு பதில் சொன்னார்.

"நான் என்னப்பா செய்யட்டும்? சொந்தத் தம்பின்னு சலுகை காட்ட வேணாம்னு உங்க அக்காவே சொல்லிட்டாங்க."

அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்தது. தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். 'நான் சொல்லல சார்' என்று மூன்று வார்த்தை போதும். அக்கா தலையைக் குனிந்து விசைப்பலகையில் தூசு தட்டினாள். தம்பி போய்விட்டான். இருவருக்கும் ஒரே வீடு, கீழே அக்கா, மாடியில் தம்பி. அன்று முதல் அவன் படியிறங்கும்போது அவள் கதவுப் பக்கம் பார்ப்பதில்லை.

மூன்று வார்த்தை பேசப் பயந்த அக்கா, அதற்கு ஈடாக என்ன செய்தாள் தெரியுமா? நானூறு வரியில் ஒரு ப்ரோகிராம் எழுதினாள்.

படிக்கப் போன மகள் விட்டுச் சென்ற பழைய லேப்டாப் வீட்டில் இருந்தது. பாடத்தை வேலைக்கு வரும் வழியில் போனில் பார்த்துக்கொள்வாள். மூன்று வாரத்தில் எழுதி முடித்தாள். விடுமுறை, விடுப்பு, இதுவரை யார் எத்தனை தடவை லாங் ரூட் போனார் என்ற விவரத்தையெல்லாம் கொடுத்தால், நான்கு நிமிஷத்தில் முறை தவறாமல் சார்ட் வரும். கூடவே இன்னொரு தாளும் வரும். அதில் ஒவ்வொரு டிரைவர் பெயருக்கும் எதிரே அவர் போன லாங் ரூட் எண்ணிக்கை இருக்கும். அந்தத் தாள் சார்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கினால், அதன்மேல் பென்சிலை வைக்க எவருக்கு மனசு வரும் என்பது அவள் கணக்கு. யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம், தாள் பேசிக்கொள்ளும். வீட்டில் பொய்ப் பெயர்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. நிஜப் பட்டியலை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, மெமோ வரும். ஆபீஸ் கணினியில் ஓட்டுவதுதான் ஒரே வழி.

அங்கேதான் ப்ராக்ஸி குறுக்கே வந்தது.

எனக்கு அக்கா விளக்கியது இவ்வளவுதான். ப்ரோகிராமை நாம் எழுதினாலும், அதற்குள் இருக்கும் சில கடினமான வேலைகளுக்கு யாரோ முன்பே எழுதி வைத்த துண்டுகள் உண்டு. அவற்றுக்கு மாட்யூல் என்று பெயர். இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எங்கள் ஆபீஸ் இணையமோ நேரே வெளியே போகாது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற ப்ராக்ஸி என்கிற காவல்காரனைத் தாண்டித்தான் எதுவும் போக வேண்டும், வர வேண்டும். அக்கா கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். 'மீண்டும் முயல்கிறேன்' என்று ஐந்து தடவை வந்தது. ஆறாவதாக 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தது. ப்ராக்ஸியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சேர்த்துத் தட்டிப் பார்த்தாள். அதே ஐந்து, அதே ஆறாவது. மாட்யூல் இருக்கிற பக்கத்தையே நேராகத் திறந்து பார்த்தாள். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு வாசகம்: 'இந்தப் பக்கம் தங்கள் பணிக்குத் தேவையற்றது. வகை: பொழுதுபோக்கு.'

இதே ப்ராக்ஸி வழியாகத் தராசு தினமும் காலையில் ராசிபலன் பார்ப்பார். அது பணிக்குத் தேவை போலிருக்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் வரும், வீட்டுமனை விளம்பரம் வரும், உடம்பு இளைக்கிற மருந்து வரும். சார்ட் போடுகிறவளுக்குச் சார்ட் போடுகிற துண்டு மட்டும் வராது. பென்டிரைவில் கொண்டுவரலாம் என்றால், அதைச் செருகுகிற ஓட்டைகளையெல்லாம் முந்தின வருஷமே பசை ஊற்றி அடைத்துவிட்டார்கள். சாதாரணப் பசை இல்லை, பேருந்துக் கண்ணாடி ஒட்டுகிற பசை.

எழுத்து மூலம் கேளுங்கள் என்றார்கள். தம்பி மனைவிக்கு இரண்டு மாதம் முடிந்தபோது முதல் விண்ணப்பம் போயிற்று. எண் போட்டது நான்தான். தராசின் மேலொப்பம் வேண்டும். எதற்கு என்று கேட்டார். சார்ட் சீக்கிரம் போடலாம் சார் என்றாள் அக்கா. அவர் சந்தோஷமாகப் போட்டார். வேலை சீக்கிரம் முடிந்தால் பென்சிலுக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது பதில் வந்தது. தளத்தைத் திறந்துவிட இயலாது. தேவைப்படும் பொருளின் பெயரைக் குறிப்பிட்டால், பரிசோதித்து, குறுந்தகட்டில் அனுப்பப்படும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பொருள். அக்கா ஒரு மாட்யூலின் பெயரை எழுதினாள். நான்காம் மாத முடிவில் குறுந்தகடு வந்தது, உறையில் பஞ்சு வைத்து, 'உடையக் கூடியது' என்று முத்திரை குத்தி.

வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் எங்கள் டிப்போவில் அது முதலில் ஸ்டோர்ஸுக்குத்தான் போகும். ஸ்டோர்ஸ்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பேனா. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விதிதான்: பழசை ஒப்படைத்தால் புதுசு. தேய்ந்த டயரைக் கொடுத்தால்தான் புது டயர். நியாயம். ஆனால் அடிக்கட்டையைக் கொடுத்தால்தான் புதுப் பென்சில், குச்சி உதிர்ந்த துடைப்பத்தைக் கொடுத்தால்தான் புதுத் துடைப்பம், பலகையிலிருந்து கிழித்த பழைய சார்ட்டைக் கொடுத்தால்தான் புதுச் சார்ட்டுக்குப் பெரிய தாள். அத்தனையையும் தேதி போட்டு மூட்டை கட்டிப் பரணில் வைத்திருந்தார். அவர் பரணைப் பார்த்தவர்கள், மனுஷன் பல் துலக்கித் துப்பியதைக் கூட எண் போட்டு வைத்திருப்பார் என்பார்கள். மாட்யூலைப் பதிவேட்டில் உதிரிபாகம் என்று ஏற்றிவிட்டு, பழைய மாட்யூல் எங்கே என்று அக்காவிடம் கேட்டார். பழையதே கிடையாது என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

அக்கா குறுந்தகட்டைப் போட்டாள். அந்த மாட்யூல் திரையில் வந்து, தான் வேலை செய்ய இன்னும் மூன்று மாட்யூல் வேண்டும் என்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அந்த மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று விண்ணப்பம் போட்டாள். ஒன்று வந்தது, அது எங்கள் கணினிக்குப் பொருந்தாத புது ரகம். பழைய ரகம் வேண்டும் என்று எழுதினால், முன்பு அனுப்பியதைத் திருப்பி அனுப்பி, பிரதி எதுவும் கைவசம் இல்லை என்று சான்றிதழும் இணைக்கச் சொல்லிப் பதில் வந்தது. ஸ்டோர்ஸ்காரருக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. தலைமை அலுவலகத்திலும் ஒழுக்கமான ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்.

ஆறாம் மாதம் போயிற்று. அக்கா வீட்டில் எண்ணிப் பார்த்ததில் மொத்தம் நாற்பத்தொரு மாட்யூல் வேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஒரு மாதம் என்றால், பிறக்கப்போகிற பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் அதன் அப்பன் ஊரில் இருப்பான். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு அக்கா அழுதாள். அழுகிறது கூட விசிறிச் சத்தத்தில் வெளியே கேட்காத அளவுக்குத்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தராசின் மேசைக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவள் அன்றைய தபாலுக்கு எண் போடப் போனேன்.

வழி காட்டியது ஸ்டோர்ஸ்காரர்தான். ஏழாம் மாதம், ஐந்தாவது குறுந்தகட்டை ஏற்றும்போது அவருக்கே சலித்துவிட்டது போலும்.

"ஏம்மா, பிரேக் மாத்தணும்னா நான் லைனிங் தனியா, ரிவெட் தனியா, ஸ்பிரிங் தனியாவா குடுக்கறேன்? எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு பிரேக் கிட்னு ஒரு நம்பர்ல குடுக்கறேன். நீயும் கிட்னு கேளேன்."

அக்கா அன்றைக்கே எழுதினாள். 'டியூட்டி சார்ட் தயாரிக்கும் கிட், எண்ணிக்கை: ஒன்று. உள்ளடக்கம்: இணைப்பில் காண்க.' இணைப்பில் நாற்பத்தொரு பெயர். ஐந்து மாதமாக ஒவ்வொன்றுக்கும் மூக்கால் அழுதவர்கள், ஒரு பொருள்தானே என்று மூன்றே வாரத்தில் அனுமதி கொடுத்தார்கள். பரிசோதிக்க இன்னும் நான்கு வாரம். எட்டு மாதம் முடிந்து, ஒன்பதாம் மாதம் பாதி போனபோது கிட் வந்தது. ஸ்டோர்ஸ்காரர் பதிவேட்டில் ஏற்றி, 'பழையது ஒப்படைக்கப்படவில்லை, நிலுவை' என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். எதை ஒப்படைப்பது என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

கறுப்புத் திரையில் முதல்முறையாக எதுவும் மறுக்கப்படவில்லை. நாற்பத்தொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தன. அக்கா கணினியில் இருந்த ஒன்றரை வருஷத்துச் சார்ட்டுகளை, மொத்தம் முப்பத்தாறு, ப்ரோகிராமுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு நிமிஷத்தில் புதுச் சார்ட் வந்தது. வரும் திங்கள்கிழமை முதல் லாங் ரூட் போக வேண்டிய பதினெட்டுப் பேரில் முதல் பெயர் தம்பியுடையது.

டாக்டர் சொன்ன தேதி அதே வாரம் வியாழக்கிழமை.

தராசு பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கருணையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா, உங்க மிஷினே சொல்லிடுச்சு. இதுக்கா இத்தனை பாடு? ஒரு வார்த்தை கேளுங்க, நானே பென்சிலால மாத்தி விடறேன்."

அக்காவின் உதடு அசைந்தது. கேட்டுவிட்டால் தம்பி ஊரில் இருப்பான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பென்சிலுக்கு எதிராக இந்த ஜென்மத்தில் அவள் மூச்சுவிட முடியாது. நாளைக்குச் சொல்கிறேன் சார் என்றாள். அவர் போன பிறகு அவள் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். ப்ரோகிராமில் தப்பில்லை, முறைப்படி இது தம்பியின் முறைதான், போன ஆறு மாதத்தில் அவன் ஒரு தடவை கூட லாங் ரூட் போகவில்லை என்று முணுமுணுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது நீ போட்ட சார்ட்டைத்தானே படிச்சுது? பலகையில தொங்கினதை அதுக்கு யாரு சொன்னா?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் கணினியில் இருந்த முப்பத்தாறும் அவள் நியாயமாகப் போட்டவை. அதில் தம்பிக்கு மூன்றே தடவை. சிவப்புப் பென்சில் செய்த அநியாயம் ஒன்று கூடக் கணினிக்குள் போகவில்லை. கதவைத் திறப்பதெப்படி என்று ஏழு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டவள், உள்ளே எதைக் கொண்டுபோகிறோம் என்று அரை நிமிஷம் யோசிக்கவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பலகையிலிருந்து கிழித்த சார்ட்டுகள் எங்கே? நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஸ்டோர்ஸுக்கு ஓடினோம். பரணில் முப்பத்தாறும் இருந்தன, தேதி வாரியாக, சணல் கயிற்றால் கட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புகளோடும் தராசின் கையெழுத்தோடும். வெளியே ஒன்று போனால் உள்ளே ஒன்று வர வேண்டும் என்று சொல்லி, மூட்டைக்கு ஈடாக அக்காவின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார் ஸ்டோர்ஸ்காரர்.

மூன்று நாள் நான் ஒவ்வொரு அம்பாகப் படித்தேன், அக்கா பழைய சார்ட்டைத் தொடாமல் தனிப் பட்டியலாகத் தட்டினாள். தபால் எண் போடாமல் குவிந்தது. குவியட்டும் என்று விட்டேன். எல்லாம் ஏற்றி முடித்து மறுபடி ஓட்டினோம். எண்ணிக்கைத் தாளில் தம்பிக்கு எதிரே இருபத்தொன்பது என்று வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பூஜ்யம். கட்டிலுக்குப் பூஜ்யம். ஸ்கூட்டருக்கும் பூஜ்யம். புதுச் சார்ட்டில் திங்கள்கிழமை லாங் ரூட் பட்டியலில் முதல் மூன்று பேர் இந்த மூவர்தான். தம்பிக்கு இனி முறை வரப் பதின்மூன்று வருஷம் ஆகும் என்றாள் அக்கா. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சார்ட் வருகிற நாள் என்றால் மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் டிரைவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். தம்பியும் நின்றான். அக்கா இரண்டு தாளையும் தராசின் மேசையில் வைத்தாள். அவர் சார்ட்டைப் படித்தார். எண்ணிக்கைத் தாளைப் படித்தார். காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மிஷினுக்கு மனுஷக் கஷ்டம் தெரியாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

ஸ்டோர்ஸ்காரர் பதிவேட்டோடு உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நிலுவை என்று ஒன்று இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"சார்ட் திருத்தச் சிவப்புப் பென்சில், ஒண்ணு, உங்க பேர்ல. சார்ட் போடற கிட், ஒண்ணு. ரெண்டும் ஒரே வேலைக்கு. புதுசு குடுத்து ஒரு வாரம் ஆச்சு சார், பழசு இன்னும் உள்ள வரல. ஒப்படைங்க."

தராசு சிரித்துப் பார்த்தார். ஸ்டோர்ஸ்காரர் சிரிக்கவில்லை, பதிவேட்டைத் திருப்பி அவர் கையெழுத்துகளைக் காட்டினார். தராசு மூன்று அடிக்கட்டை கொடுத்து மூன்று பென்சில் வாங்கியிருந்தார். சரி, சொந்தப் பேனாவால் திருத்திக்கொள்கிறேன் என்றார் தராசு.

"தாராளமா திருத்துங்க. கிழிச்ச பிறகு அந்தத் தாளும் என்கிட்டதான் வரும். பத்திரமா வச்சுக்கறேன்."

ஜன்னலில் யாரோ கனைத்தார்கள். தராசின் கண் அக்காவின் மேசையிலிருந்த சார்ட் மூட்டையின் மேல் போயிற்று, முப்பத்தாறு தாள், முப்பத்தாறு கையெழுத்து. பென்சிலை நீட்டினார். ஸ்டோர்ஸ்காரர் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, ரசீது கொடுத்தார். தராசு அப்போதும் விடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தான் தராசு மாதிரி, தனக்கு ஒருவர்மேலும் வஞ்சம் கிடையாது என்று ஆரம்பித்து, தம்பிக்குச் சலுகை வேண்டாம் என்று அக்காதானே சொன்னார் என்று முடித்தார்.

அக்கா என்னவோ சொன்னாள். விசிறி இரைச்சலில் அது அவள் மேசையைத் தாண்டவில்லை. நான் விசிறியை நிறுத்தினேன்.

"நான் சொல்லல சார்."

தராசு குனிந்து சார்ட்டில் கையெழுத்திட்டார், ஒரு பெயரையும் தொடாமல். தம்பி ஜன்னலை விட்டு நகர்ந்து போனான்.

வியாழக்கிழமை முற்பகலில் தம்பியின் மனைவிக்கு வலி எடுத்தது. தம்பி டவுன் வண்டியை ஆஸ்பத்திரிக்கு மூன்று நிறுத்தம் முன்பே மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடினான். குழந்தையை முதலில் வாங்கியது அவன் கைதான். பெண் குழந்தை. சாயங்காலம் நான் போனபோது காக்கிச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கா கால்மாட்டில் நின்று போர்வையைச் சரி செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்துக் களைப்பு அவன் முகத்தில் இருந்தது. குழந்தையைப் பார்த்தபடியே அவளிடம் பேசினான்.

"மூணு வார்த்தைக்கா. அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குப் போதுமே. ரூட்டை மாத்தணும்னு கூட இல்ல."

அக்கா போர்வையை விட்டாள்.

"அன்னைக்கு மாட்யூல் இல்லடா."

தம்பி சிரித்துவிட்டான். அவன் மனைவியும் வலியோடு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு நானும் ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். தராசை எனக்குப் பிடிக்காது, வாயும் எனக்கு நீளம். எனக்கு எந்த மாட்யூல் குறைவாக இருந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடப் போகிறார்களே என்று, குழந்தையைக் கொடு என்று கையை நீட்டினேன்.